நன்றிக் கடிதம் ஏன் அச்சாகவில்லை

சென்ற இதழில் நோயாளிகளின் நன்றிக் கடிதம் வெளியாகும் பகுதி இடம்பெறவில்லை என்பதை வழக்கமான வாசகர்கள் கவனித்திருப்பீர்கள். அதற்கு இடமின்மை காரணமன்று. அப்பகுதிக்கென வந்திருந்த கடிதத்தையும் படத்தையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவன் நான். ஆசிரியர் குழுவினர் சற்று வருத்தத்துடன் இணங்கினர். காரணத்தை நானே எழுதித் தரவேண்டும் என்றும் பணித்தனர். நியாயமான கோரிக்கை. ஒரு பக்கத்தை வெற்றிடமாக்கியவன் அதை நிரப்பவும் கடமைப்பட்டவன் அல்லவா?

கடிதத்தை எழுதியவர் வாடிப்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவரின் மனைவி. (அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றியுள்ளேன்.) வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன கணவரைக் கண்ணாடி விரியன் தீண்டியது. இருட்டில் என்ன கடித்தது என்றே தெரியாமல், காலில் கயிற்றை இறுகக் கட்டி, ஓரிடத்தில் வேர் அரைத்துக் கொடுத்து, ஏறத்தாழ ஆறு மணி நேரம் கழித்தே இங்கு கொண்டுவந்தார்கள். இரத்தம் உறையவில்லை, இரண்டாம் நாள் சிறுநீர் நின்றுபோயிற்று. நஞ்சுமுறி மருந்தும் பல முறை டயாலிசிசும் கொடுத்தபின் பிழைத்து எழுந்தார். வீட்டுக்குச் செல்லும் நாளில் பூச்செண்டுடன் என் அருகில் நிற்க வைத்துப் படமெடுத்தார்கள். அவர் மனைவி இரண்டு பக்கக் கடிதம் எழுதியிருந்தார். என்னைக் கடவுளுக்கு நிகராக வைத்துச் சில வரிகள் அதில் இருந்தன. படித்தபோது மகிழ்ச்சி ஏற்படவில்லை என்று சொன்னால் பொய்யாகும்.

அதே மாதத்தில், மேலூர்ப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞரைக் கொண்டுவந்தார்கள். அதே இனப் பாம்பு. கடித்து ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிட்டார். கயிறு கட்டவில்லை, வேர் கொடுக்கவில்லை. செய்யவேண்டியதை எல்லாம் அந்தக் குடும்பத்தார் சரியாகச் செய்திருந்தனர். அதே மருந்து, அதே பிரிவு, அதே செவிலியர்கள், அதே நான். மூன்றாம் நாள் மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு அவர் இறந்தார். உடலுக்குள் இறங்கிய நஞ்சின் அளவு கடிக்குக் கடி வேறுபடும் என்பதற்கு மேல் அந்தத் தந்தையிடம் சொல்ல என்னிடம் விளக்கம் எதுவும் இருக்கவில்லை.

இந்தச் செய்திமடல் காத்திருப்போர் கூடத்தில் அடுக்கி வைக்கப்படுகிறது. மீதமிருந்த கணக்கை முடிக்க அந்தத் தந்தை மறுபடியும் இங்கு வந்தார். அவர் அமர்ந்த நாற்காலிக்கு அருகில், பாம்புக்கடியில் மாண்டிருக்க வேண்டியவரை மீட்ட மருத்துவர் என்று என் படம் கிடந்திருந்தால், அதை அவர் எப்படிப் படித்திருப்பார்? தன் மகனுக்கு மட்டும் ஏதோ குறைவாகச் செய்தார்கள் என்றா? தாம் ஏதோ தவறிழைத்துவிட்டோம் என்றா? இரண்டும் உண்மையல்ல. ஆனால் அந்தப் பக்கம் அவரிடம் இவ்விரண்டில் ஒன்றைத்தான் சொல்லியிருக்கும்.

என் மனத்தில் முதலில் தோன்றியது இதுவே. சட்டத்தைப் பிறகுதான் எடுத்துப் பார்த்தேன்.

இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-ஆம் ஆண்டு வெளியிட்ட மருத்துவர் ஒழுக்கநெறி விதிமுறைகள், பதிவுபெற்ற மருத்துவர் ஒவ்வொருவரையும் கட்டுப்படுத்துபவை. அவற்றின் ஆறாம் அத்தியாயம் விளம்பரத்தைப் பற்றிப் பேசுகிறது. நோயாளிகளை நேராகவோ மறைமுகமாகவோ தன்பால் அழைப்பது நெறியன்று. தாம் பார்த்த நோய்களையும் செய்த அறுவைகளையும் குணப்படுத்தியதையும் மருத்துவர் பெருமையாகப் பறைசாற்றக் கூடாது. அத்தகைய செய்தி எந்த வழியில் வெளிவருவதற்கும் அவர் இடங்கொடுக்கவும் கூடாது. பிறர் எழுதினாலும், நான் அனுமதித்தால் பொறுப்பு என்னுடையதே என்பது இதன் பொருள். நன்றிக் கடிதத்தை எழுதியவர் நோயாளியின் மனைவி, அச்சிடுவது மருத்துவமனை, எனவே எனக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று கைகழுவ எனக்கு வழியில்லை.

பத்திரிகையில் மருத்துவர் முறையாக அறிவித்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டவை மிகச் சில: மருத்துவத் தொழிலைத் தொடங்குதல், தொழிலின் வகையை மாற்றுதல், முகவரி மாற்றம், தற்காலிகமாக இல்லாதிருத்தல், மீண்டும் தொழிலுக்குத் திரும்புதல், மற்றொருவரின் மருத்துவமனையை ஏற்று நடத்துதல், கட்டணத்தை வெளிப்படையாக அறிவித்தல். பெயர்ப்பலகையிலும் மருந்துச்சீட்டிலும் பெயர், பட்டம், சிறப்புத்துறை, பதிவு எண், எந்த மாநிலக் கவுன்சிலில் பதிவு என்பவை மட்டும். பலகை அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கக் கூடாது. தம் நிழற்படத்தைக் கடிதத்தாளிலோ பலகையிலோ அச்சிடுவது தற்புகழ்ச்சி விளம்பரமாகக் கருதப்படும். மனித உடலுறுப்புகளின் படம் போட்டுக்கொள்ளலாம். என் ஆசிரியர் ஒருவர் இதைச் சொல்லிக்காட்டிச் சிரிப்பார்: "உன் முகத்தைவிட ஒரு கல்லீரலின் படம் கௌரவமானது என்று கவுன்சில் கருதுகிறது."

காளவாசலிலிருந்து மாட்டுத்தாவணி வரை ஒருமுறை பேருந்தில் போய்வந்தால் இவ்விதிகள் எந்த நாட்டுக்கு எழுதப்பட்டவை என்று தோன்றும். பிளக்ஸ் பேனர்களில் கைகட்டி நிற்கும் மருத்துவர்கள், ஆட்டோக்களின் பின்புறத்தில் மூட்டு மாற்று அறுவைச் சலுகை, அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் விநியோகிக்கப்படும் அட்டை விசிறிகளில் குழந்தைப்பேறு உறுதி. கைப்பேசியைத் திறந்தாலோ, நோயாளி படுக்கையில் கண்ணீருடன் பேசும் காணொளிகள். இவற்றுக்கு நடுவே நம் செய்திமடலின் அரைப்பக்கக் கடிதம் என்ன பெரிய குற்றம் என்று ஆசிரியர் குழுவின் இளைய உறுப்பினர் ஒருவர் கேட்டார். மறுப்பது எளிதன்று.

அவர் எடுத்துச் சொன்ன இன்னொரு வாதமும் உண்டு. விதிமுறைகள் மருத்துவரைத்தான் கட்டுப்படுத்தும், மருத்துவமனையை அல்ல என்பது அது. விதியின் வாசகம் நிறுவனங்கள் நோயாளிகளை அழைப்பதையும் நெறியற்றது என்றே சொல்கிறது. ஆனால் மருத்துவமனைகள்மீது நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் கவுன்சிலுக்கு இல்லை என்று தில்லி உயர் நீதிமன்றம் 2014-இல் ஒரு வழக்கில் கூறிவிட்டது. ஆகவே, தெற்குமாசி வீதியில் ஒற்றை அறையில் கிளினிக் வைத்திருக்கும் மருத்துவர் பலகையைப் பெரிதாக்கினால் அவருக்கு நோட்டீசு வரலாம். பெருமுதலீட்டில் நடக்கும் நிறுவனம் நாற்சந்தியில் இருபதடிப் படம் வைத்தால் கேட்பார் குறைவு. இது அநீதி என்பதே என் கருத்து. 2023-இல் தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிமுறைகளை ஆகஸ்ட் 2-ஆம் நாள் அறிவித்தது. நோயாளியின் பாராட்டுரையைக் கேட்டுப் பெறுவது, குணமானவரின் படத்தைச் சமூக ஊடகத்தில் பகிர்வது, விருப்பக்குறிகளை விலைக்கு வாங்குவது ஆகியவை கூடாது என அவற்றில் தெளிவாகவே எழுதியிருந்தது. அதே மாதம் 23-ஆம் நாள் அவை நிறுத்திவைக்கப்பட்டன; பழைய 2002 விதிகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன. நிறுத்தத்துக்கு அவ்விதிமுறைகளில் இருந்த வேறு சில பகுதிகள்மீது எழுந்த எதிர்ப்புதான் காரணம். எனினும் இந்த நல்ல பகுதியும் அவற்றோடு முடங்கிவிட்டது.

நிறுவனத்துக்கு விதியில் ஓட்டை இருக்கிறது என்பதற்காக அதன் வழியே என் படத்தை நுழைப்பது எனக்கு உவப்பாக இல்லை. பாராட்டுரையை விளம்பரமாக்குவதை ஆஸ்திரேலியச் சட்டமும் மருத்துவர்களுக்குத் தடைசெய்கிறது. பிழைத்தவர் எழுதுவார், பிழைக்காதவரின் வீட்டார் எழுதுவதில்லை, எழுதினாலும் நாம் அச்சிடமாட்டோம். பத்துக் கடிதங்களைச் சேர்த்துப் படிப்பவர், இந்த மருத்துவமனையில் எல்லோரும் பிழைக்கிறார்கள் என்றே எண்ணுவார். ஒரு பொய்யான வாக்கியம்கூட இல்லாமலே இப்படி ஒரு தவறான எண்ணத்தை உண்டாக்க முடியும்.

சம்மதம் வாங்கித்தானே வெளியிடுகிறோம் என்பீர்கள். வாங்குகிறோம்தான். நோயாளியின் அடையாளம் தெரியும்படி படத்தையோ விவரத்தையோ அவர் அனுமதியின்றி வெளியிடக் கூடாது என்று விதியும் உள்ளது. ஆனால் அந்தச் சம்மதம் எப்படிப் பெறப்படுகிறது என்பதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். டிஸ்சார்ஜ் சீட்டு, மருந்து விவரம், காப்பீட்டுத் தாள்கள் ஆகியவற்றோடு சேர்ந்து அந்தப் படிவமும் வரும். அடுத்த வாரம் மீண்டும் என்னிடம் வரவேண்டியவர். என் கையெழுத்தில்தான் அவருடைய முதலமைச்சர் காப்பீட்டுக் கோப்பு நகரவேண்டும். "ஒரு படம் எடுத்துக்கலாமா ஐயா?" என்று கேட்டால், மாட்டேன் என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? வாடிப்பட்டிக்காரரின் மனைவியிடம் பின்னர் தனியே விசாரித்தேன். கடிதம் அவர் மனதார எழுதியது. படத்தில்தான் அவருக்குத் தயக்கம். கணவர் வேர் குடித்த செய்தி ஊரில் தெரிந்தால், அதைக் கொடுத்த உறவினருக்கு மனக்கசப்பு வரும் என்று அஞ்சினார். "டாக்டர் தப்பா நெனச்சுக்குவீகன்னு சொல்லல" என்றார்.

விளம்பரக் கட்டுப்பாடு என்பது மருத்துவர்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட மரியாதை விவகாரம் என்று பலர் நினைக்கிறார்கள். நம் மாவட்டத்துக்கு அதைவிடக் கடுமையான நினைவு ஒன்று உண்டு. 1980-களில் உசிலம்பட்டிப் பகுதியின் பெண்சிசுக் கொலைகள் நாடறிந்த செய்தியாயின. அதே காலத்தில், நாட்டின் வேறு பகுதிகளில் கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்லும் நிலையங்கள், இன்று சில நூறு ரூபாய் செலவிட்டால் பிற்காலத்து வரதட்சிணைப் பெருந்தொகை மிச்சம் என்ற பொருளில் வெளிப்படையாக விளம்பரம் செய்தன. ஊராரிடம் ஏற்கெனவே இருந்த ஆசையை அந்த விளம்பரங்கள் ஒரு சேவையாக மாற்றி விலை குறித்தன. 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு அத்தகைய விளம்பரத்தையே குற்றமாக்கி, மூன்றாண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. நம் ஸ்கேன் அறை வாசலில், கருவின் பாலினம் இங்கு தெரிவிக்கப்படமாட்டாது என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மருத்துவமனை தான் எதைச் செய்யாது என்று எழுதி வைக்கும் பலகை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

பதிவு எண்ணே இல்லாதவர்களின் விளம்பரம் வேறு கதை. சர்க்கரை நோயிலிருந்து நிரந்தர விடுதலை, இன்ன தேதியில் மதுரை, இன்ன தேதியில் திண்டுக்கல், இன்ன லாட்ஜில் சந்திக்கலாம் என்ற அறிவிப்புகளை நீங்கள் அறிவீர்கள். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் ஆட்சேபகரமான விளம்பரச் சட்டம், நீரிழிவு, புற்றுநோய், வலிப்பு, பக்கவாதம், உயர் இரத்த அழுத்தம் முதலிய 54 நோய்களையும் நிலைகளையும் பட்டியலிட்டு, அவற்றைக் குணப்படுத்தும் என்று எந்த மருந்தையும் விளம்பரப்படுத்துவதைத் தடைசெய்கிறது. தாயத்து, மந்திரம்கூட அதில் அடங்கும். எழுபது ஆண்டுச் சட்டம். முதல் முறை தண்டனை ஆறு மாதச் சிறை வரைதான். 2024-இல் உச்ச நீதிமன்றத்தில் பதஞ்சலி நிறுவனத்தின்மீது நடந்த வழக்கில் இச்சட்டம் மீண்டும் பேசப்பட்டது. அந்நிறுவனம் நாளிதழ்களில் மன்னிப்பு வெளியிட்டபோது, விளம்பரங்கள் வெளிவந்த அளவுக்கே மன்னிப்பும் பெரிதாக உள்ளதா என்று நீதிபதி கேட்டார். மிகப் பொருத்தமான கேள்வி. பட்டம் பெற்றுப் பதிவு செய்து நடத்தும் சித்த, ஆயுர்வேத மருத்துவர்களை நான் இங்குக் குறிக்கவில்லை. இந்த லாட்ஜ் விளம்பரங்களால் அவர்களுக்கும் இழப்பே.

இரண்டாண்டுகளுக்கு முன், திருமங்கலத்திலிருந்து பதினான்கு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியை மயங்கிய நிலையில் கொண்டுவந்தனர். சிறுவயதிலேயே இன்சுலின் சுரப்பு நின்றுபோன வகை நீரிழிவு; ஊசி இல்லாவிட்டால் சில நாட்களில் உயிருக்கு ஆபத்து. உள்ளூர்த் தொலைக்காட்சியில் கண்ட விளம்பரத்தை நம்பி, ஊசியை நிறுத்திவிட்டுப் பொடி கொடுத்திருந்தார் தாய். அவரைக் கடிந்துகொள்ள வாயெடுத்தேன். "அவுக அவ்வளவு நேரம் பொறுமையாச் சொன்னாக சார். நீங்க எங்ககிட்ட அஞ்சு நிமிஷம்தான் பேசினீக" என்றார். பிள்ளை தேறிவிட்டாள். அந்தப் பதிலை மட்டும் நான் இன்றுவரை மறக்கவில்லை. விதி எங்களை வாய்மூடச் சொல்கிறது என்று சாக்குச் சொல்லி நாங்கள் ஒதுங்கிய இடத்தில்தான் அந்தப் பொடி வியாபாரி அமர்ந்திருக்கிறார்.

உண்மையில் விதி எங்களை வாய்மூடச் சொல்லவில்லை. தம்மை விளம்பரப்படுத்தும் விளைவுள்ள கட்டுரையையும் நேர்காணலையும் தடுக்கும் அதே பிரிவு, பொதுச் சுகாதாரம், நல்வாழ்வு பற்றி மருத்துவர் தம் பெயரிலேயே எழுதலாம், பேசலாம் என்கிறது. இக்கட்டுரையையும் அந்தச் சலுகையின்கீழ்தான் எழுதுகிறேன். என் படமும் ஆலோசனை நேரமும் தொலைபேசி எண்ணும் இதன் அடியில் வரக்கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். மருத்துவமனைக்கும் விதி வழிவிட்டிருக்கிறது: நிறுவனத்தின் பெயர், எவ்வகை நோயாளிகள் சேர்க்கப்படுவர், என்ன வசதிகள், என்ன கட்டணம் ஆகியவற்றைப் பத்திரிகையில் அறிவிக்கலாம். கண் சிகிச்சை முகாம் நோட்டீசை நினைத்துப் பாருங்கள். அரவிந்த் கண் மருத்துவமனை 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கி வளர்ந்ததில் கிராம முகாம்களுக்குப் பெரும்பங்கு உண்டு. எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், எந்தத் தேதி, யார் வரலாம் என்று சொல்லும் நோட்டீசும் ஒருவகை அழைப்புத்தான். கண்புரையோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு அதைப்போலப் பயனுள்ள தாள் வேறில்லை.

விதி அனுமதித்தவற்றுள் கட்டணமும் இருப்பதைக் கவனியுங்கள். பேனர்களில் முகம் இருக்கிறது, சலுகை இருக்கிறது, விருது இருக்கிறது. ஒரு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு என்ன தொகை, ஒரு முறை டயாலிசிசுக்கு என்ன தொகை என்பதைக் காணோம். தடைசெய்யப்பட்டதை எல்லாம் செய்துவிட்டு, அனுமதிக்கப்பட்ட ஒன்றை மட்டும் நாங்கள் செய்யாதிருக்கிறோம். இதில் நம் மருத்துவமனையும் விலக்கன்று. நிர்வாகத்துக்கு இதை முன்னரே எழுத்தில் தெரிவித்துவிட்டேன் என்பதால் இங்கும் சொல்லலாம்.

எனவே ஆசிரியர் குழுவிடம் நான் வைத்துள்ள வேண்டுகோள் இது. நன்றிக் கடிதங்கள் தொடர்ந்து வரட்டும்; வார்டில் உள்ள செவிலியர்களுக்கும் டயாலிசிஸ் தொழில்நுட்பப் பணியாளர்களுக்கும் அவற்றைப் படித்துக் காட்டுவோம். அவர்களுக்கு அது சேரவேண்டும். பூச்செண்டுப் படத்தில் அவர்கள் யாரும் இருந்ததில்லை. அச்சில் அந்த அரைப்பக்கத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் நம் கட்டணங்களையும், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எவை அடங்கும் என்பதையும் வெளியிடலாம். மறுபாதியில் இந்த வட்டாரத்து மக்களுக்கு உடனே தேவைப்படும் செய்தி ஏதேனும் ஒன்று. மருத்துவரின் பெயருக்குப் பின்னால் உள்ள பதிவு எண்ணை எப்படிச் சரிபார்ப்பது என்பது ஒரு மாதம்: தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் இந்திய மருத்துவப் பதிவேட்டைப் பெயரோ எண்ணோ கொண்டு யாரும் தேடலாம், ஐயமிருந்தால் சென்னையிலுள்ள தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம். எண்ணைக் கேட்டால் எந்த மருத்துவரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்துக்கொண்டால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் குழு இன்னும் முடிவு சொல்லவில்லை. நிர்வாகத்தின் விளம்பரப் பிரிவுக்கு இதில் உடன்பாடில்லை என்று அறிகிறேன். அவர்கள் தரப்பை அடுத்த இதழில் எழுதுவார்களானால் வரவேற்பேன். இம்முறை எனக்குத் தந்த இடத்தில் மிச்சமிருப்பதை, மழைக்காலம் தொடங்கவிருப்பதால், வாடிப்பட்டிக்கும் மேலூருக்கும் பொதுவான ஒன்றுக்குப் பயன்படுத்திக்கொள்கிறேன். பாம்பு தீண்டினால் கயிறு கட்ட வேண்டாம்; கீற வேண்டாம்; வாயால் உறிஞ்ச வேண்டாம். கடிபட்டவரை நடக்கவோ ஓடவோ விடாமல், அந்தக் கை அல்லது காலை அசையாமல் வைத்து, மோதிரம், கொலுசு போன்றவற்றைக் கழற்றிவிட்டு, 108-ஐ அழையுங்கள். பாம்பைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். நஞ்சுமுறி மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது. அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எங்களிடம் வருவதற்காக அதைத் தாண்டி வரவேண்டாம்.